வெள்ளி இரண்டு, திங்கள் ஆறு

ஜனவரி 6, திங்கள்

பால் தொட்டி ஒன்று திரிந்துபோனால் ஆய்வகத்தில் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி, கடைசியாகத் தொட்டது யார் என்பதுதான். அதற்காகவே ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு நோட்டு உண்டு. தேதி, நேரம், ஆள். நம் நினைவு நமக்குச் சாதகமாகப் பேசும், நோட்டு பேசாது. இன்றிலிருந்து சஹானாவுக்கும் ஒரு நோட்டு.

வயது ஒன்று, மாதம் ஏழு. இரண்டு முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், வலது கன்னம். தொட்டால் உப்புத்தாள் மாதிரி இருக்கிறது. நடுவில் சிவப்பு. சொறிந்துகொண்டே இருக்கிறாள். பத்துக்கு ஆறு என்று வைக்கிறேன். பத்து என்றால் மிக மோசம்.

தொடங்கியது டிசம்பர் நடுவில். துளசிமணி அக்கா குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தது டிசம்பர் இரண்டாம் தேதி, நான் மறுபடி வேலையில் சேர்ந்த அன்று.

இரண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கிறேன், அவ்வளவுதான். யாரையும் எதுவும் சொல்லவில்லை.

ஜனவரி 7, செவ்வாய்

மதிப்பெண் ஐந்து.

என் பக்கத்தில் தவறு இல்லை என்பதற்காகக் காலை நடப்பதையும் எழுதிவிடுகிறேன். ஆறரைக்கு ஹீட்டர். இந்த அடுக்ககத்தில் வருவது போர் தண்ணீர், வாயில் வைக்க முடியாத உப்பு. நல்ல சூடாக ஒரு வாளி. அதில் கிருமிநாசினி இரண்டு மூடி. முன்பு ஒரு மூடிதான். வெளியாள் ஒருவர் வீட்டுக்குள் வந்து போகிறார் என்பதால் டிசம்பரில் இரண்டாக்கினேன். சோப்பு இரண்டு முறை, பிறகு பவுடர். அவள் துணிகளையும் அதே கிருமிநாசினியில் ஊறவைத்துத்தான் துவைக்கிறேன். எட்டு மணிக்கு அக்கா வந்ததும் கிளம்பிவிடுவேன்.

முதல் நாளே அக்காவிடம் தெளிவாகச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் கை கழுவ வேண்டும். முத்தம் கூடாது. குளிப்பாட்டுவது நான் மட்டும்.

"குளிப்பாட்டற வேலை எனக்கில்லீங்களா?" என்று அப்போதே முகம் சுருங்கிவிட்டது. "புள்ளையத் தண்ணியில வெச்சு வெளையாட்டுக் காட்டறதுதானுங் இதுல நல்ல வேலையே."

ஏன் அத்தனை ஆசை என்று அன்று கேட்கத் தோன்றவில்லை.

ஜனவரி 8, புதன்

மாலை வந்தபோது சஹானாவின் துண்டு ஈரம். நான் காலையில் பயன்படுத்திய துண்டு வெளியே கொடியில் காய்ந்து கிடந்தது. இது வேறு துண்டு.

"தண்ணி டம்ளரைத் தட்டி உட்டுட்டாளுங் கண்ணு. தொடச்சேன்."

தரையைத் துடைக்க யாராவது குழந்தையின் துண்டை எடுப்பார்களா?

ஜனவரி 10, வெள்ளி

மதிப்பெண் இரண்டு! முழங்கை மடிப்பில் சிவப்பே இல்லை. நேற்றிலிருந்து மூன்று மூடி ஊற்றுகிறேன், அது வேலை செய்கிறது.

ஆனால் தலையிலும் கையிலும் தேங்காய் எண்ணெய் வாசனை. நாங்கள் வீட்டில் எண்ணெய் தடவுவதில்லை. கேட்டேன். அக்கா சிரித்துக்கொண்டே, "என் தலையில இருக்கறது அவ மேல ஒட்டியிருக்குமுங்," என்றார்.

குடிநீர் கேனும் சீக்கிரம் காலியாகிறது. முன்பெல்லாம் ஐந்து நாள் வரும். இந்த வாரம் மூன்றாம் நாளே புதுக் கேன் வாங்கிவிட்டோம். வீட்டுக்கு எடுத்துப் போகிறாரோ? போகட்டும். மறைப்பதுதான் பிடிக்கவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

ஐந்து. மாலைக்குள் ஆறு.

சனி, ஞாயிறு எனக்கு விடுமுறை. நேரம் இருப்பதால் காலை ஒரு குளியல், மாலை ஒரு குளியல், இரண்டும் நானே. இவ்வளவு சுத்தமாக வைத்திருந்தும் ஏறுகிறது என்றால் வெள்ளிக்கிழமை என்னவோ நடந்திருக்கிறது. ஒட்டிக்கொண்ட கிருமி உடனே காட்டாது, இரண்டு நாள் கழித்துத்தான் காட்டும். இது நான் கல்லூரியில் படித்த பாடம்.

மோகன் வந்திருந்தார். கோழித் தீவனக் கம்பெனி வேலை, வாரத்தில் நாலு நாள் நாமக்கல், கரூர் என்று சுற்றுகிற கணவர். நோட்டைப் புரட்டிவிட்டு, "கீர்த்தி, இது குழந்தையா, கேஸா?" என்றார்.

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கு."

"அந்தக்கா எவ்வளவு பாசமா இருக்காங்க. பனிக்காலம், தோல் வறளும். ஒரு டாக்டர்கிட்டக் காட்டிட்டா முடிஞ்சு போச்சு."

காட்டலாம். ஆனால் டாக்டர் கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஆதாரம் இருக்க வேண்டாமா? அக்காவின் குதிகாலில் கறுப்பாக, தடிப்பாக ஒரு திட்டு இருக்கிறது. இவருக்கு அது கண்ணில் பட்டதே இல்லை.

ஜனவரி 13, திங்கள்

போகி. பொங்கலுக்கு அக்கா நாளையிலிருந்து ஞாயிறு வரை லீவு. கிளம்பும்போது, "கையைக் காட்டுங்க அக்கா," என்றேன். ஆய்வகத்திலிருந்து பஞ்சுக் குச்சி கொண்டு வந்திருந்தேன்.

"ஏனுங், கைரேகை பாப்பீங்களா? எனக்கு வெளிநாட்டு யோகம் இருக்கான்னு பாருங்."

"சும்மா, ஆபீஸ்ல ஒரு டெஸ்ட்."

இரண்டு உள்ளங்கையையும் நம்பிக்கையாக நீட்டினார். விரல் இடுக்கு வரை குச்சியால் உருட்டி எடுத்து, குழாயில் போட்டு மூடினேன். அவசர வேலை என்று மோகனிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கே போய்க் கிருமி வளர்க்கும் தட்டில் தேய்த்து வைத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 15, புதன்

ஏழு.

ஜனவரி 17, வெள்ளி

எட்டு. கன்னம் வெடித்து நீர் கசிகிறது. தூக்கத்திலும் சொறிகிறாள். கைகளுக்கு மோகனின் காலுறையை மாட்டிவிட்டேன், பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டாள். குளிக்க வைக்கத் தூக்கினால் குளியலறைக் கதவைப் பார்த்ததுமே உடம்பை வில்லாக வளைக்கிறாள்.

மோகன் கேட்டார்: "நாலு நாளா அக்கா வரவே இல்ல. அப்பறம் எப்படி அதிகமாச்சு?"

"போறதுக்கு முன்னாடி வெச்சுட்டுப் போனது."

"என்னத்த வெச்சுட்டுப் போனாங்க? பில்லி சூனியமா?"

நான் மூடநம்பிக்கைக்காரி இல்லை. நுண்ணுயிரியல் படித்தவள்.

பேனா பிடிக்க முடியவில்லை. விரல் முட்டிகள் எல்லாம் வெடித்திருக்கின்றன. பனிதான்.

ஜனவரி 20, திங்கள்

தட்டைப் பார்த்தேன். வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள், எண்ண முடியாத அளவு. ஒரு பால் தொட்டி இப்படி இருந்தால் மறுபேச்சில்லாமல் சாக்கடைக்குத்தான்.

பக்கத்து மேசை மெஹராஜ் எட்டிப் பார்த்தாள். "யாரு கை?"

"வீட்டு வேலைக்காரங்க."

"உன் கையோட தட்டு எங்க? ஒப்பிட்டுப் பார்க்க ஒண்ணு வேணுமே. யாரு கையத் தேய்ச்சாலும் இதுதாண்டி முளைக்கும். மனுஷத் தோலு."

மெஹராஜுக்குக் குழந்தை இல்லை. அவளுக்குப் புரியாது. தட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

அக்கா இன்று வேலைக்கு வந்துவிட்டார். சஹானாவைப் பார்த்ததும், "அய்யோ சாமி, என்ன பண்ணி வெச்சிருக்கீங் இந்தப் புள்ளைய!" என்றார். *பண்ணி வெச்சிருக்கீங்.* அந்தச் சொல்லைக் கவனித்தேன். தன் மேல் வருவதை என் பக்கம் தள்ளிவிடுகிறார்.

ஜனவரி 22, புதன்

மதிப்பெண் நாலரை. இதைக் கடைசியில்தான் எழுதியிருக்க வேண்டும், கை முதலில் எழுதிவிட்டது.

பதினோரு மணிக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு ஆய்வகத்திலிருந்து புறப்பட்டேன். சாவி என்னிடம் இருந்தது, மணி அடிக்கவில்லை. குளியலறையில் சஹானாவின் சிரிப்பு. அப்படி அவள் சிரித்துப் பல நாள் ஆகிறது.

அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் குழந்தை. பக்கத்தில் குடிதண்ணீர் கேனிலிருந்து பிடித்த ஒரு குண்டான். சொம்பால் மொண்டு முதுகில் மெதுவாக ஊற்றிக்கொண்டிருந்தார். சோப்பு இல்லை. ஓரத்தில் சின்ன மருந்துப் பாட்டிலில் தேங்காய் எண்ணெய்.

"என்ன பண்றீங்க?"

சொம்பு கை நழுவி உருண்டது. "கழுவித்தானுங் உட்டேன்."

"எதைக் கழுவினீங்க? ஏழு மணிக்குத்தானே நான் குளிப்பாட்டினேன்!"

அக்கா தண்ணீரையே பார்த்தார். "காத்தால நீங்க போன பொறவு ஒரே அழுகைங். மேலெல்லாம் எரியற மாதிரி. அந்த மருந்து வாசம்... நான் என்னத்தங் சொல்றது, நீங்க படிச்சவங்."

"தினமுமா?"

"வந்த நாளிலிருந்துங்."

"அப்ப துண்டு? டம்ளர் தண்ணின்னு சொன்னது பொய்யா?"

"பொய்தானுங்."

பொய்தான் என்று அவரே ஒப்புக்கொண்டார். குழந்தையை ஈரத்தோடு பிடுங்கிக்கொண்டேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றேன். சஹானா அவர் சேலையை விடவில்லை, விரல் விரலாகப் பிரித்தேன். கதவருகில் நின்று, "ஈரத்தோட எண்ணெய் வெக்கணுங், காஞ்சா ஒட்டாது," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நேரத்திலும் அதிகாரம்.

இந்த அடுக்ககத்தில் இன்னும் நான்கு வீடுகளில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள். மூன்றாம் மாடியில் அக்கா காலையில் பாத்திரம் தேய்க்கிறார். தெரிந்தும் சொல்லாமல் இருப்பது தப்பு. அடுக்கக அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் தட்டின் போட்டோவைப் போட்டேன். "இது எங்கள் வீட்டில் வேலை செய்த துளசிமணி அவர்களின் கையில் எடுத்தது. பரிசோதனைக்கூடத்தில் வளர்த்தது. கவனமாக இருங்கள்." ஐந்து நிமிடத்தில் பதினாறு பேர் பார்த்துவிட்டார்கள். யாரோ வாந்தி எடுக்கும் பொம்மை முகம் போட்டிருந்தார்கள். நன்றி, நன்றி என்று நிறைய.

ஜனவரி 24, வெள்ளி

ஆறு. லீவு போட்டிருக்கிறேன். ஐம்பது நாள் என்னென்ன தடவினாரோ, அதையெல்லாம் எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று குளியல். நாலு மூடி.

ஜனவரி 25, சனி

எட்டு.

ஜனவரி 26, ஞாயிறு

மதிப்பெண் போடவில்லை. காய்ச்சல் 101. மடிப்புகளில் மஞ்சளாகப் பொருக்கு கட்டியிருக்கிறது. என்னைப் பார்த்தாலே நகர்ந்து போய் சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்கிறாள். மோகன் என்னைக் கேட்காமலேயே நாளைக்குத் தோல் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டார்.

இவள் முப்பத்து மூன்றாம் வாரத்தில் பிறந்தாள். ஒன்பது நாள் கண்ணாடிப் பெட்டியில், ரத்தத்தில் கிருமி. எட்டாம் நாள்தான் என்னைத் தொடவிட்டார்கள். "முழங்கை வரைக்கும் கழுவிட்டு வாங்கம்மா, இல்லேன்னா தொடாதீங்க," என்றார் நர்ஸ். கழுவிவிட்டுப் போனேன். போதாது, இன்னொரு முறை என்றார். இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 27, திங்கள்

டாக்டர் என்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவர் போலிருந்தது. வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள், பேச்சில் அவசரம். குழந்தையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எக்ஸிமாதான், கரப்பான்னு சொல்வாங்களே. அது மேல இப்போ கிருமியும் சேர்ந்திருக்கு. காலையில எழுந்ததுலேருந்து என்ன பண்றீங்கன்னு சொல்லுங்க," என்றார்.

நோட்டை எடுத்து வாசித்தேன். மூடிக் கணக்கு வரும்போது அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"நேரடியா தோல்லயா? நாலு மூடியா?"

"வாளித் தண்ணியிலதான்."

"கையக் காட்டுங்கம்மா."

சஹானாவின் கையை நீட்டினேன்.

"அவ கை இல்ல. உங்க கை."

மேசைக்கு அடியில் இருந்ததை எடுத்து வைத்தேன். திருப்பிப் பார்த்தார். நோட்டை வாங்கி அவரே புரட்டினார்.

"வெள்ளிக்கிழமை ரெண்டு, அடுத்த திங்கள் காலையில எவ்வளவு போட்டிருப்பீங்க, ஆறு இருக்குமா? பொங்கல் லீவுல எட்டு. இருபதாம் தேதிக்கு அப்பறம் ரெண்டே நாள்ல நாலரை. திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் இவளை யாரு பாத்துக்கறது?"

"ஒரு அக்கா. நிறுத்திட்டேன்."

"என்ன செஞ்சாங்க அவங்க?"

சொன்னேன். உப்பில்லாத தண்ணீர். சோப்பு இல்லை. ஈரத்தோடு எண்ணெய்.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "எனக்கு ஒரு வேலை மிச்சம் பண்ணியிருக்காங்க. நான் எழுதித் தரப்போறதும் கிட்டத்தட்ட அதுதான். நீங்க காலையில எரிய வெச்சதை அவங்க மத்தியானத்துக்குள்ள அணைச்சிருக்காங்க."

எழுதித் தந்தது: கிருமிநாசினி ஒரு சொட்டு கூடாது, துணிக்கும் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம், நாளுக்கு ஒரு முறை. கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர். பவுடர் வேண்டாம். துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, ஈரம் காய்வதற்குள் உடம்பு முழுக்கக் கெட்டியாக மாய்சரைசர். சிவந்த இடத்துக்கு மட்டும் ஒரு களிம்பு, ஏழு நாள், அதற்கு மேல் அவரைக் கேட்காமல் கூடாது. கிருமிக்கு ஐந்து நாள் மருந்து. "இது வரும், போகும். யாரும் வெச்சுட்டுப் போறதில்ல."

கடைசி வரியை ஏன் சொன்னார்? மோகனைப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முன்பே போனில் பேசியிருக்கிறார்கள்.

அக்கா இதை என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே? ஐம்பது நாள் இருந்தது.

ஜனவரி 29, புதன்

ஐந்து. காய்ச்சல் இல்லை. காலை வாளியில் வெறும் தண்ணீரைக் கண்டதும் முகர்ந்து பார்த்தாள். ஒன்றரை வயதுக் குழந்தை தண்ணீரைச் சந்தேகப்பட்டு முகர்கிறது.

சொல்லியிருக்கலாமே என்று எழுதியிருந்தேன். சொன்னார். அன்று குளியலறையில் சொன்னதை நானே இங்கே எழுதி வைத்திருக்கிறேன், எரிகிறது, மருந்து வாசம் என்று. எழுதும்போதும் எனக்குக் காது கேட்கவில்லை.

பிப்ரவரி 1, சனி

மூன்று. அக்கா வீட்டுக்குப் போனேன். ரயில் பாதை ஓரத்து லைன் வீடுகளில் நாலாவது. வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை, உட்காரவும் சொல்லவில்லை.

"புள்ளைக்கு எப்படிங்?"

"குறைஞ்சிருக்கு. நீங்க செஞ்சதுதான் சரின்னு டாக்டர் சொன்னாங்க. என்னை மன்னிச்சிருங்க அக்கா. திங்கக்கிழமையிலேருந்து வாங்க."

"வரலீங்." பூண்டைச் சுளகில் போட்டார். "மூணாவது மாடியில அன்னைக்கே நிறுத்திட்டாங். இங்க முக்குக் கடையில ஒரு பையன் போனுல அந்தப் படத்தக் காட்டி, 'அக்கா, உன் கையில காளான் மொளைக்குதாமா'ங்கறான். எங்க வூட்டுக்காரரு நான் போட்ட சோத்தப் பாத்துட்டு ஒரு நிமிஷம் சும்மா உக்காந்திருந்தாருங். ஒரு நிமிஷந்தான். பொறவு தின்னுட்டாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எழுதிப் போட்டீங்கல்ல? எழுதியே அழிங். எங்கிட்ட வந்து அழுது என்னங் பண்றது?"

பிப்ரவரி 2, ஞாயிறு

ஆறு முறை எழுதி அழித்தேன். "சில தவறான புரிதல்களால்" என்று தொடங்கியதை மோகன் படித்துவிட்டு, "இது யாரோ பண்ணின தப்பு மாதிரி இருக்கே," என்றார். இறுதியில் போட்டது:

"நான் போட்ட தட்டில் இருந்தது எல்லார் கையிலும் இருப்பது. என் கையை நான் சோதிக்கவே இல்லை. துளசிமணி அக்காவுக்கு எந்த நோயும் இல்லை. என் மகளின் தோலைக் கெடுத்தது நான் தினமும் ஊற்றிய கிருமிநாசினி. அவர் அதைத் தினமும் கழுவிவிட்டார். நான் அவரைப் பற்றிச் சொன்னது பொய்."

ஒன்பது பேர் பார்த்தார்கள். ஒருவர் கைகூப்பு. ஒருவர், "எந்தக் கம்பெனி கிருமிநாசினி?" இரண்டாம் மாடி அனுசுயா மட்டும், "அவங்க நம்பர் அனுப்புங்க, எனக்கு ஆள் வேணும்," என்றாள். உடனே அனுப்பினேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

ஒன்று. கன்னத்தில் முத்தமிட்டேன், உதட்டில் உறுத்தவில்லை. அடுத்த வாரம் வேலைக்குப் போகிறேன், பகலில் சஹானா காப்பகத்தில். அக்கா போன திங்கட்கிழமையிலிருந்து அனுசுயா வீட்டில். அவளுடைய பத்து மாதப் பையனைப் பார்த்துக்கொள்கிறார். நிம்மதியாக இருந்தது. மாலை வரைக்கும்.

ஐந்து மணிக்குச் சஹானாவைக் கீழே விளையாட்டுத் திடலுக்குக் கூட்டிப் போனேன். பெஞ்சில் அக்கா, மடியில் அந்தப் பையன். தூரத்திலிருந்தே கையில் என்னவோ நீலமாகத் தெரிந்தது, வளையல் என்று நினைத்தேன். கிட்டப் போனால் கையுறை. எங்கள் ஆய்வகத்தில் போடும் அதே ரப்பர் கையுறை, மணிக்கட்டு வரை.

"இது எதுக்குக்கா?"

"அந்த வூட்டம்மா போடச் சொல்லிட்டாங். உங்க ரெண்டாவது மெசேஜையும் படிச்சாங்களாமா. நம்பறாங்களாமா. இருந்தாலும் ஒரு பாதுகாப்புக்குன்னு."

நிமிர்ந்து பார்த்தேன். இரண்டாம் மாடி பால்கனியில் அனுசுயா. என்னைப் பார்த்துக் கையசைத்தாள்.

சஹானா என் கையை உதறிவிட்டு ஓடி அக்காவின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். அக்கா அவளைத் தொடவில்லை. இரண்டு நீலக் கைகளையும் பையனின் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "உங்கம்மா சொல்லட்டுஞ் சாமி," என்றார்.

பையனை வாங்கிப் பெஞ்சில் உட்கார வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். மறு கையால் அக்காவின் கையுறையை நானே உருவினேன். வியர்வையில் ஒட்டிக்கொண்டு சட்டென்று வரவில்லை. உள்ளே கை ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தது. இரண்டையும் உருவி, பால்கனியிலிருந்து தெரிகிற மாதிரி குப்பைத் தொட்டியில் போட்டேன். சஹானாவைத் தூக்கி அந்தக் கைகளில் கொடுத்தேன். மேலே அனுசுயா உள்ளே போய்விட்டாள். கீழே இறங்கி வருகிறாளோ என்னவோ, வரட்டும் என்று நின்றேன்.

அக்கா சஹானாவின் முழங்கை மடிப்பை விரித்துப் பார்த்தார். கட்டைவிரலால் ஒரு முறை தடவினார். பிறகு என்னைப் பார்க்காமலேயே சொன்னார்:

"ஒரு பெட்டி வாங்கி வெச்சிருக்காங் கண்ணு. அம்பது ஜோடி. தினமும் வந்து கழட்டி உடுவீங்களா?"

நாளை சனி, அக்காவுக்கு விடுமுறை. திங்கட்கிழமை ஐந்து மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டுமென்றால் நாலேகாலுக்கே ஆய்வகத்திலிருந்து கிளம்ப வேண்டும். அந்த நேரம் என் வேலையைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று மெஹராஜிடம் கேட்டுப் பார்க்கிறேன்.